கேடயம் இல்லாத குலச்சின்னங்கள்

மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் சாலையில் ஏறியதுமே யானைமலை கண்ணில் பட்டுவிடும். துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கிற ஒரு யானை. உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்குக் கட்டோடு வருகிறவர்கள், வேளாண் கல்லூரிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று ஒத்தக்கடையில் இறங்குகிற எல்லோருக்கும் அதுதான் அடையாளம். பெயரே ஒற்றைக் கடை. ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு கடை போதும் என்றிருந்திருக்கும். இன்றைக்குக் கடைகளுக்கு நடுவில் ஊரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒத்தக்கடையிலிருந்து மலையை ஒட்டி உள்ளே போனால் நரசிங்கம். மலையின் அடியில் பாறையைக் குடைந்து எடுத்த யோக நரசிம்மர் கோயில். அங்கே கிரந்த எழுத்தில் சமஸ்கிருதமும் வட்டெழுத்தில் தமிழுமாக ஒரு செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. கலியுகம் 3871, அதாவது பொது ஆண்டு 770. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் ஆட்சி. அவனுடைய உத்தரமந்திரி மாறன் காரி இந்தக் கற்றளியைச் செய்வித்தான். நீர்தெளித்துக் குடமுழுக்கு நடத்துவதற்குள் இறந்துபோனான். அடுத்து அந்தப் பதவிக்கு வந்தவன் அவனுடைய தம்பி மாறன் எயினன். அவன் முகமண்டபத்தைக் கட்டி முடித்து, நீரும் தெளித்தான்.

செய்தி இவ்வளவுதான். அண்ணன் தொடங்கினான், தம்பி முடித்தான். ஒரு குடும்பம் தன் பெருமையை எப்படிப் பதிவுசெய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மேற்கே ‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்று ஒன்று இருக்கிறதே, சிங்கமும் கழுகும் போட்ட கேடயம், அது செய்கிற வேலையை இந்தக் கல்வெட்டு படமே இல்லாமல் செய்கிறது. எப்படி என்று சொல்ல, முதலில் அந்தக் கேடயத்தைப் பார்க்க வேண்டும்.

*

ஐரோப்பாவில் குலச்சின்னம் பிறந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டில். உடம்பு முழுக்க இரும்பு, முகத்தையும் மறைக்கிற தலைக்கவசம். போர்க்களத்தில் யார் நம்மாள், யார் எதிராளி என்று தெரியாது. வட்டரங்கில் நடக்கும் ஈட்டிப் போட்டிகளிலும் அதே சிக்கல். எனவே கேடயத்தில் ஒரு படம். இந்த அளவில் அது வெறும் அடையாள அட்டை. அதைக் குடும்பச் சொத்தாக மாற்றியது வாரிசுரிமை.

அஞ்சூ நாட்டுப் பிரபு ஜெஃப்ரிக்கு 1128 வாக்கில் வீரப்பட்டம் கொடுத்தபோது, மாமனாரான இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி பொன் சிங்கங்கள் போட்ட நீலக் கேடயத்தைக் கழுத்தில் மாட்டினார் என்று பின்னால் வந்த ஒரு துறவியின் நூல் சொல்கிறது. ஜெஃப்ரியின் கல்லறைக்குச் செய்த வண்ணத் தகட்டிலும் அதே கேடயம் இருக்கிறது. சுவாரசியம் அடுத்து வருவதுதான். 1226-ல் இறந்த வில்லியம் லாங்ஸ்பீ என்பவரின் கல்லறை சால்ஸ்பரி பேராலயத்தில் இருக்கிறது. அந்தக் கல் உருவத்தின் கேடயத்திலும் சிங்கங்கள். வில்லியம், ஜெஃப்ரியின் பேரன். முறைப்படியான திருமணத்தில் பிறந்தவர் அல்லர். அரியணை கிடைக்காது. ஆனால் தாத்தாவின் கேடயம் கிடைத்தது. படம் வாரிசுரிமையாக மாறிய கதைக்கு வரலாற்றாசிரியர்கள் காட்டும் பழைய சான்றுகளில் இது ஒன்று.

பிறகு சட்டதிட்டங்கள் வந்தன. இங்கிலாந்தில் 1484-ல் மூன்றாம் ரிச்சர்ட் இதற்கென்றே ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்ற அமைப்புக்குச் சாசனம் கொடுத்தார். அது இன்றைக்கும் லண்டனில் இயங்குகிறது. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது, உலோகத்தின் மேல் உலோகம் கூடாது. காரணம் எளிது: தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். இன்று செல்பேசித் திரைக்கு எழுத்தும் பின்புலமும் வடிவமைக்கிறவர்கள் பின்பற்றுகிற அதே விதிதான்.

என்னைப் போல நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் அதிகம் பிடித்தது ‘பிளேசன்’ என்கிற வர்ணனை மொழி. சின்னம் என்பது சட்டப்படி படம் இல்லை, அந்தப் படத்தைச் சொல்லும் வாக்கியம். ‘நீலத்தில் ஆறு பொன் சிங்கங்கள்’ என்று வாக்கியம் இருந்தால் போதும். எந்த ஓவியர் வேண்டுமானாலும் தன் கைக்கு வந்தபடி வரையலாம். சிங்கத்தின் வால் இப்படி வளையலாம், அப்படியும் வளையலாம். நாம் எழுதுகிற குறிமுறையை ஒவ்வொரு உலாவியும் தன் பாணியில் வரைந்து காட்டுகிற மாதிரி. படத்துக்குப் பின்னால் அங்கேயும் இருப்பது எழுத்துதான்.

இன்னொன்று. சின்னம் ஒரு ஆளுக்கு உரியது, குடும்பப் பெயருக்கு உரியது இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது மூத்த மகன் அதே கேடயத்தின் மேல் மூன்று தொங்கல் கொண்ட ஒரு பட்டையைச் சேர்த்துக்கொள்வான். இரண்டாம் மகனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு நட்சத்திரம். ‘உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள், சின்னத்தைக் காப்பிக் கோப்பையில் அச்சடித்துத் தருகிறோம்’ என்று இணையத்தில் விற்பவர்களை அந்த லண்டன் அமைப்பு ஏற்பதில்லை. குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது, யாரிடமிருந்து வந்தது என்று ஆள்வழியாக நிரூபித்தால்தான் உண்டு என்பது அதன் நிலை.

*

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது என் அக்கா மகனால். டெக்சாஸில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் ஆளுக்கொரு குடும்பச் சின்னம் வரைந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கேடயத்தை நாலாகப் பிரித்த ஒரு தாள். நாலு கட்டத்திலும் குடும்பத்தின் பெருமையைச் சொல்லும் நாலு படம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ அழைப்பில் வந்தான்.

“மாமா, நம்ம ஃபேமிலிக்கு என்ன அனிமல்?”

“அப்படியெல்லாம் எதுவும் இல்லடா.”

“ஜேக்கப் வீட்டுக்கு ஈகிள் மாமா. அம்மாச்சிட்ட கேளுங்களேன்.”

அம்மா அடுப்படியில் இருந்தார். கேட்டேன். “சின்னமா? நமக்கு ஏதுடா சின்னம், நாம என்ன ஜமீனா? தூக்குவாளியில தாத்தா பேரு வெட்டியிருக்கும். அதைக் காமி” என்றார்.

எவர்சில்வர் தூக்குவாளி. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக இரண்டு தலைப்பெழுத்து, ஒரு பெயர், ஒரு ஊர். பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர் கை நடுங்காமல் போட்ட எழுத்து. கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். பையனுக்கு ஏமாற்றம். “இட்ஸ் ஜஸ்ட் எ நேம், மாமா.”

அவன் கடைசியில் ஒரு யானையை வரைந்துகொண்டு போனான். யானைமலையின் நினைவாக என்று அக்கா ஆசிரியருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஆனால் ‘வெறும் பெயர்தானே’ என்ற அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. ஏன் நம்மிடம் படம் இல்லை? ஏன் பெயர் மட்டும் இருக்கிறது?

*

படமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அரசர்களுக்கு இருந்தது. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். பூவும் உண்டு: சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. தொல்காப்பியம் போந்தை, வேம்பு, ஆர் என்று இவற்றைச் சொல்கிறது. போரில் சூடிக்கொண்டால் யார் படை என்று தெரிந்துவிடும். ஈட்டிப் போட்டி வீரனின் அதே பிரச்சினை, நம் ஊர்த் தீர்வு.

ஆனால் இந்தப் படங்கள் முன்னோரை நினைக்கச் செய்தவை என்பதைவிட, உரிமை கோரச் செய்தவை. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்திருக்கும் வளையத்தின் முத்திரையைப் பாருங்கள். நடுவில் சோழப் புலி. கூடவே பாண்டியனின் இரண்டு மீன்கள், சேரனின் வில். மேலே வெண்கொற்றக் குடை, பக்கத்தில் சாமரம். மீனும் வில்லும் சோழனுடையவை இல்லை, தோற்றவர்களுடையவை. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு 1340-ல் பிரான்சின் அல்லி மலர்களைத் தன் கேடயத்தில் சேர்த்துக்கொண்டதும் இதே காரியம்தான். பிரான்ஸ் எனக்கே என்றார். பிரான்ஸ் கிடைக்கவில்லை. ஆனாலும் 1801 வரை அந்த மலர்கள் ஆங்கிலேயக் கேடயத்தை விட்டுப் போகவில்லை. பாண்டியனின் இணைக்கயலும் மதுரையோடு நின்றதில்லை. இலங்கையில் திருகோணமலைக் கோட்டையின் வாசலில் இரண்டு மீன்களை இன்றும் காணலாம்.

படம் பார்க்கிறவன் சொல்கிறபடியெல்லாம் வளையும் என்பதற்கு யானைமலையே சாட்சி. அதில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளமும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. பிற்காலத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. திருவிளையாடல் கதையோ வேறு மாதிரி போகிறது. சமணர்கள் மதுரையை அழிக்க ஏவிய யானையைச் சோமசுந்தரர் நரசிங்கக் கணை விட்டுக் கல்லாக்கினாராம். ஒரே யானை ஒரு தரப்புக்கு இருப்பிடம், இன்னொரு தரப்புக்கு வீழ்த்திய எதிரி. ஆனால் அந்தச் சிற்பங்களின் கீழே, இதைச் செய்வித்தவர் இன்னார், இது இன்னாருடைய பாதுகாப்பில் இருக்கிறது என்று வட்டெழுத்தில் பெயர்கள் உண்டு. அவற்றை அப்படி வளைக்க முடியவில்லை. அச்சணந்தி அச்சணந்தியாகவே இருக்கிறார்.

மேற்கத்திய பாணிக் கேடயங்கள் இந்தியாவுக்கு மொத்தமாக வந்து இறங்கியது 1877 ஜனவரி 1 அன்று. விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் கூட்டிய தர்பார். சமஸ்தானாதிபதிகளுக்குப் பரிசாக ஆளுக்கொரு பட்டுக் கொடி, அதில் அவரவர் குலச்சின்னம். அந்தச் சின்னங்களை வடிவமைத்தவர் ராபர்ட் டெய்லர் என்கிற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. சின்னக்கலை அவருக்குப் பொழுதுபோக்கு. முன்பே சில செய்திருந்தார். இதற்கென்று இன்னும் எண்பது வேண்டும் என்றார் லிட்டன். ராஜபுத்திரர்களுக்குச் சூரியன் என்பது போல, ஒவ்வொரு வம்சத்தின் தோற்றக் கதை, தெய்வம், நாட்டின் மலை ஆறு என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினார் டெய்லர். ஆயிரம் ஆண்டுப் பழமை கோரிய வம்சங்களின் ‘பாரம்பரியச் சின்னம்’ இப்படி ஓர் அதிகாரியின் மேசையில் தயாரானது. பித்தளைக் கம்பத்தோடு சேர்த்துத் தூக்க முடியாத கனம் என்று அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே மாதங்களில் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம். மதுரைப் பக்கமும் மக்கள் சோற்றுக்கில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள்.

தனி மனிதர்களும் வாங்கினார்கள். இந்தியாவின் முதல் பேரனட்டான பம்பாய் வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் கேடயத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே எழுகிற சூரியன், பறக்கும் இரண்டு தேனீக்கள். அவரே உழைத்து முன்னுக்கு வந்தவர் என்பதால் தேனீ பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவரிலிருந்து தொடங்கும் கதை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அதில் இல்லை.

*

சரி, அரசனும் இல்லை, பேரனட்டும் இல்லை, சாதாரண ஆள். அவன் தன் முன்னோரை எப்படிச் சுமந்தான்? பெயரில்தான்.

பேரன் என்ற சொல்லே அதைத்தான் சொல்கிறது. பெயரன் என்பதுதான் பேரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தியும் பெயர்த்திதான். உறவைச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே கடமை இருக்கிறது. ஜெஃப்ரியின் பேரனுக்குக் கேடயம் போய்ச் சேர்ந்த மாதிரி நம்மிடம் பெயர் போய்ச் சேர்கிறது. இதை அரியணையிலும் பார்க்கலாம். பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி. ஒன்றுவிட்டு ஒன்று. தாத்தா எதுவோ பேரன் அது.

அரசர்களிடம் இன்னும் விரிவாக ஒன்று இருந்தது. ராஜராஜன் காலத்திலிருந்து சோழக் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகின்றன. ஒவ்வொரு மன்னனுக்கும் தனித்தனி வாசகம். முதல் சில சொற்களைப் படித்ததுமே எந்த மன்னன் என்று கல்வெட்டாய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். வெற்றி சேரச் சேர வாசகம் நீளும். எந்த ஊரில், எந்தச் சிற்பி வெட்டினாலும் வாசகம் அதேதான். ஐரோப்பியர்களின் பிளேசன் போலவே இதுவும் அடையாளம் சொல்லும் வாக்கியம். வித்தியாசம், நாம் அதைப் படமாக மாற்ற மெனக்கெடவில்லை.

செட்டிநாட்டு நகரத்தாரிடம் இது ‘விலாசம்’ ஆனது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் எழுத்து. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-ல் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். கடைசி எம் தந்தை முத்தையா, நடுவிலுள்ள சிடி தாத்தா சிதம்பரம், முன்னால் நிற்கும் எம் அதற்கும் முந்தைய தலைமுறை. தாத்தாவும் சிதம்பரம், பேரனும் சிதம்பரம். பர்மாவிலும் மலேயாவிலும் இந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் உண்டியல் மாறியது, கடன் கொடுத்தார்கள். அங்கே விலாசம் அலங்காரம் இல்லை, நாணயம். அப்பன் தாத்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் எழுத்துக்கு மதிப்பு, இல்லையென்றால் அது வெறும் மை.

இன்னும் கீழே போனால் தூக்குவாளி. அதற்கும் கீழே, நிஜமாகவே மண்ணுக்குக் கீழே, கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் கீறல் குறியீடுகள் இருக்கின்றன, தமிழி எழுத்தில் பெயர்களும் இருக்கின்றன. ஆதன், குவிரன். யாரோ ஒருவர் இது என்னுடைய பானை என்று கீறி வைத்திருக்கிறார். தூக்குவாளியில் புள்ளி வைத்துப் பெயர் வெட்டுவதற்கும் இதற்கும் இடையே ஈராயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. பழக்கம் ஒன்றுதான்.

*

இதைப் படித்துவிட்டு யாராவது, ‘ஆகா, நமக்கும் ஒரு குலச்சின்னம் செய்துகொள்ளலாமே’ என்று கிளம்பினால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. குலம் என்ற சொல்லை நம் ஊரில் சும்மா உச்சரிக்க முடியாது. தென்மாவட்டங்களில் எந்தச் சாலையில் போனாலும் கொடிக்கம்பமும் சுவரெழுத்தும் சொல்கிற குலம் வேறு. ஐரோப்பியக் கேடயம் ஆளைக் காட்டியது. இங்கே இரண்டு வண்ணத்தைச் சேர்த்தால் சாதி தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பையன்கள் கையில் கட்டும் கயிறு வரைக்கும் வந்துவிட்டது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024-ல் அது கொடுத்த அறிக்கையின் பரிந்துரைகளில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதி காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பதும் ஒன்று. குலச்சின்னம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

பெயரும் இதிலிருந்து தப்பியதில்லை. செய்த காரியத்துக்குக் கொடுத்த பட்டம், காலப்போக்கில் பிறப்பால் கிடைக்கிற பட்டமாக ஆனது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு அதை வெட்டி எறியச் சொன்னது. வெட்டினார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குப் பெயரின் பின்னால் ஒன்றும் இல்லை, முன்னால் ஓர் எழுத்து மட்டும். வெளிநாட்டு விசாப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தின் முன் நாம் திருதிருவென்று முழிப்பதற்குக் காரணம் இதுதான். அந்த முழிப்புக்குப் பின்னால் ஒரு பெரிய வேலை நடந்திருக்கிறது. குலத்தைக் கழித்துவிட்டு அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டோம். இப்போது சிலர் அம்மாவின் எழுத்தையும் சேர்க்கிறார்கள். கட்டம் இன்னும் நிரம்பட்டும்.

*

இந்த இடத்தில் நரசிங்கம் கல்வெட்டை மறுபடி படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. மாறன் காரி, மாறன் எயினன். அண்ணனுக்கும் தம்பிக்கும் முன்னால் ஒரே சொல்: மாறன். அது அப்பாவின் பெயர். இன்றைய வழக்கில் மா. காரி, மா. எயினன். ஆயிரத்து இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய இனிஷியல்.

அக்கா மகனின் தாளில் இருந்த நாலு கட்டத்தையும் இதை வைத்து நிரப்பிப் பார்க்கலாம். முதல் கட்டம் அப்பா: மாறன். இரண்டாவது ஊர்: களக்குடி. கரவந்தபுரம் என்றும் சொல்லப்படுகிற அது, திருநெல்வேலிக்கு அருகிலுள்ள உக்கிரன்கோட்டை என்று அடையாளம் காண்கிறார்கள். மூன்றாவது தொழில்: வைத்ய குலம், பார்த்த வேலை அமைச்சு. நாலாவது பட்டம்: அண்ணனுக்கு மூவேந்த மங்கலப் பேரரையன், தம்பிக்குப் பாண்டி மங்கல விசையரையன். இதே கரவந்தபுரத்து வைத்ய மரபைச் சேர்ந்த சாத்தன் கணபதி சில ஆண்டுகளில் திருப்பரங்குன்றத்தில் திருப்பணி செய்கிறார். அங்கே துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்தவர் அவருடைய மனைவி நக்கன் கொற்றி. மனைவி என்ற உறவோடு, தன் பெயரோடும் அந்தக் கல்லில் இருக்கிறார்.

கேடயத்தில் இல்லாத ஒன்றும் இங்கே இருக்கிறது: செய்த காரியம். அதுவும் யார் எதுவரை செய்தார்கள் என்கிற கணக்கோடு. நாங்கள் நிரல்களைச் சேமிக்கும் கிட் என்ற மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பெயர் போடலாம். எழுதியவர் ஒருவர், அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருக்கும். வேறு ஆளாக இருக்கும்போது, சேர்த்தவர் எழுதியவரின் பெயரை அழிக்காமல் விடுவது அடிப்படை மரியாதை. மாறன் எயினன் அந்த மரியாதையைச் செய்தான். பதவி அவன் கையில், அண்ணன் உயிரோடு இல்லை, உளி தன் ஆளுடையது. ‘நான் கட்டினேன்’ என்று வெட்டியிருந்தால் இன்று மறுக்க ஒரு சான்றும் இருந்திருக்காது. கற்றளி அண்ணனுடையது, முகமண்டபமும் நீர்தெளிப்பும் என்னுடையவை என்று பிரித்து எழுதினான்.

இதே மாறன் காரி இன்னொரு ஆவணத்திலும் வருகிறான். வேள்விக்குடிச் செப்பேட்டின் ஆணத்தி அவன்தான். அதிலும் ஒரு குடும்பப் பாரம்பரியக் கதை. கூடல் நகரில் ஒருவர் அரசனை நோக்கிக் குரல் எழுப்புகிறார். உங்கள் முன்னோன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என் முன்னோனுக்கு வேள்விக்குடியைக் கொடுத்தான், களப்பிரர் பறித்துக்கொண்டார்கள் என்கிறார். அரசன் உடனே கொடுத்துவிடவில்லை. அந்தப் பழமையை நாட்டாரைக் கொண்டு காட்டச் சொல்கிறான். அவர் காட்டுகிறார், ஊர் திரும்புகிறது. பாரம்பரியம் என்று உரக்கச் சொன்னால் மட்டும் போதாது, நாலு பேர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். டெய்லரின் பட்டுக் கொடிகளுக்கு இல்லாமல் போனது இந்த ‘ஆமாம்’தான்.

குறையும் சொல்ல வேண்டும். மலையைக் குடைந்த கல்தச்சர்களின் பெயர் அந்தக் கல்வெட்டில் இல்லை. கணக்குப் பிரித்து எழுதிய தம்பியின் நேர்மையும் குடும்பத்தோடு நின்றுவிட்டது. எந்தக் குலச்சின்னத்தையும் பார்க்கும்போது, அது யாரைக் காட்டுகிறது என்பதோடு, யார் சுமந்த கல்லின் மேல் நிற்கிறது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தத் தச்சர்கள் விட்டுப்போன ஒரே சின்னம் குடைவரை. அதைச் சுமக்கிற மலை யாருடைய குடும்பச் சொத்தும் இல்லை. 2010-ல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது நரசிங்கத்துக்காரர்களும் ஒத்தக்கடைக்காரர்களும் எதிர்த்து நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் பசுமை நடை தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். எதிர்த்து நின்றவர்களில் எத்தனை பேர் மாறன் காரியைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அவனுக்கும் அவர்களுக்கும் ரத்த உறவு எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்தான். தம்பி முடித்ததை, அவர்களை யாரென்றே அறியாதவர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.